அடி அண்ணாமலைக்குப் பாக்கெட் வந்த கதை

என்னைச் சாராயம் விற்கிறவன் என்று ஒரு அக்கா முழுசாக நம்பிய காலம் ஒன்று உண்டு. நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுப்பில் பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, "டீ இல்ல, போங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. டீ விஷயத்தில் நான் கொஞ்சம் மோசமானவன். சோறு இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு வேலையே மலையைச் சுற்றுவதுதான். பக்திக்காக இல்லை, சம்பளத்துக்காக. செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும் என்றிருந்த நாட்கள் முடிந்து, அதே போன் வழியாக இன்டர்நெட்டும் வரும் என்று கம்பெனிகள் சொல்லத் தொடங்கியிருந்தன. வந்ததா என்றால் வந்தது, தவழ்ந்து தவழ்ந்து வந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர்கள், மெயில் இறங்குமா என்று மொட்டை மாடியில் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அது எங்கெங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துச் சொல்கிற காண்டிராக்டரின் ஆள் நான். ஒரு பழைய பைக், தோளில் லேப்டாப் பை, அதிலிருந்து கேபிள் வழியாகச் சட்டைப்பையில் ஒரு போன். பேசுவதற்கு இன்னொரு போன் தனியாக. அந்தக் காலத்துப் போனில் யாராவது கூப்பிட்டால் இன்டர்நெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

இப்போது பௌர்ணமிக்கு நடக்கிறவர்கள் நடந்தபடியே வீடியோவில் மலையை யாருக்கோ காட்டிக்கொண்டு போகிறார்கள். படம் கொஞ்சம் நின்றால் போதும், "சே, நெட்டே சரியில்ல" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு முறை இதுதான். போன் முதலில் நெட்வொர்க்கைக் கேட்கும். நெட்வொர்க் சம்மதித்தால் ஒரு முகவரி கொடுக்கும். நாலு எண்கள், நடுவில் புள்ளிகள். அதுதான் ஐ.பி. அது கிடைத்தால்தான் நாம் ஒருவர் இருக்கிறோம் என்பதே வெளியே தெரியும். அனுப்பியது யார், பதில் யாருக்கு என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். இணைப்பை விட்டால் எண்ணும் போயிற்று. லாட்ஜ் ரூம் மாதிரி, அடுத்த நிமிஷம் அதில் வேறு யாரோ. வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூட முடியாது. அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். ஒருநாள் நான் போனில் "ஐ.பி. குடுத்துட்டாங்க!" என்று சந்தோஷத்தில் கத்த, அவர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து, "யாருடா? எந்தக் கடை?" என்றார். எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்கு ஐ.பி. கொடுத்தான் என்றால் திவாலாகிவிட்டான் என்று அர்த்தம்.

அந்த எண்ணிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று இருந்தது. ஒரு டவரின் எல்லையைத் தாண்டி அடுத்த டவருக்குப் போனாலும், இணைப்பு அறாத வரைக்கும் அது மாறாது. ஒரு டவர் கையிலிருந்து இன்னொரு டவர் என்னை வாங்கிக்கொள்ளும். நான் அதே ஆளாகப் போய்க்கொண்டிருப்பேன். காலைப் பனியில் கிரிவலப் பாதையில் பைக்கை உருட்டிக்கொண்டு போனால் வலது பக்கம் மலை மெல்ல மெல்ல முகம் மாற்றிக்கொண்டே வரும். தெற்கே பார்த்த மலை மேற்கே இல்லை. உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும், ஒரு திருப்பம் கழித்துப் பார்த்தால் இருக்காது. பாதையில் மயில் நிற்கும். காவி கட்டிய யாரோ எதிலோ சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் மாறிக்கொண்டே இருக்க, என் பைக்குள் அந்த எண் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்கும். தூக்கத்தில் வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும் எனக்கு. ஒரே எண்ணோடு ஒரு முழுச் சுற்று வர வேண்டும் என்பது ஆபீஸ் கேட்ட கணக்கு. ஆனால் போகப்போக அது என் சொந்த ஆசையாகிவிட்டது.

முடியவில்லை. அடி அண்ணாமலை வளைவில் டவுன் டவருக்கும் எனக்கும் நடுவில் மலை வந்து நின்றுகொள்ளும். எண் போய்விடும். "அட போ!" என்று மலையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

அதற்காகத்தான் அடி அண்ணாமலையில் புது டவர் போட்டார்கள். ஊரை ஒட்டிக் கேழ்வரகுக் கொல்லைக்குப் பக்கத்தில். டவர் காலடியில் ஒரு சின்ன ரூம், டீசல் ஜெனரேட்டர், சுற்றிக் கம்பி வேலி, ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேன் அந்த ஊர்க்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவிதான் பாதையோரம் டீக்கடை வைத்திருந்த அக்கா. கடையிலிருந்து பார்த்தால் ரூம் வாசல் நன்றாகத் தெரியும். பேச்சு மட்டும் அரைகுறையாகக் கேட்கும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணன் நல்ல மனுஷர். பாண்டிப் பக்கத்திலிருந்து திருட்டுத்தனமாக வரும் பாக்கெட் சாராயத்தில் பல வருஷம் விழுந்து கிடந்தவர். கையளவு பாலிதீன் பாக்கெட், ஓரத்தைப் பல்லால் கடித்து அப்படியே வாயில் விட்டுக்கொள்வார்கள். அதில் வீட்டில் என்னென்னவோ போயிற்று. நான் அங்கே வேலைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், ஊர்க் கோயிலில் எல்லார் எதிரிலும், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பமே விளங்காது என்பார்கள். மீறவில்லை. ஆனால் விட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை, மத்தியானமானால் கை நடுங்கியது, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அக்காவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த மனுஷன் மறுபடி அதைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். டீ ஆற்றும்போதும் ஒரு கண் டவர் ரூம் மேலேயே இருக்கும்.

மத்தியானத்தில் நான் ரூம் வாசலில் உட்கார்ந்து சோதனை ஓட்டுவேன். இன்டர்நெட்டில் எதை அனுப்பினாலும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். சென்னையில் இருக்கும் ஒரு மெஷினுக்கு ஒரு பாக்கெட்டை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் கறுப்புத் திரையில் வந்தது என்று ஒரு வரி விழும். வராவிட்டால் வரவில்லை என்று ஒரு வரி. பிறகு அடுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும்.

அண்ணன் ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தினார். "இன்னா சார் அது?"

"பாக்கெட் அண்ணே."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு சிரித்துவிட்டார். "நம்மள வுடாது போலக்குது. எங்க போவுது?"

"சென்னைக்கு. போயிட்டுத் திரும்பி நம்மகிட்டயே வரும்."

"நம்மகிட்டதான் வரணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நம்பர் குடுத்திருக்காங்கல்ல, அத பாத்துனு வந்துடும்."

அவர் அதை யோசித்தார். அன்று முழுக்க அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரி விழும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். "வந்துச்சு... வந்துச்சு... வரல... வந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து நான் கவனித்தேன், முழங்கால் மேல் இருந்த கை நடுங்காமல் கிடந்தது. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். வெயில் வேலி மேல் சாய்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஜெனரேட்டர் ஓடாத நேரத்தில் கொல்லையில் காற்று போவது கேட்கும். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொட்டாவி வருகிறது, அவ்வளவு சுகமாக இருந்தது.

அக்காவுக்கு அங்கிருந்து தெரிந்தது வேறு. புருஷன் தினமும் மத்தியானம் ஒரு வெளியாளோடு ஒதுங்கி உட்காருகிறான், எழுந்து வரும்போது முகம் தெளிந்து வருகிறான். காதில் விழுந்தது அதைவிட மோசம். சென்னைக் கன்ட்ரோல் ரூமில் இருந்தவனோடு நான் பேசுவது பேச்சு இல்லை, கத்தல். சிக்னல் அப்படி. என் தொண்டையும் அப்படி.

"விட்டதுல பாதிதான் போய்ச் சேந்துச்சு பாஸ், மீதி வழியிலயே காலி!"

"சின்ன பாக்கெட் பிரச்சனை இல்ல, பெரிய பாக்கெட்டுதான் மாட்டுது!"

"பௌர்ணமிக்கு முன்னாடி எல்லாத்தயும் முடிச்சிடலாம். அன்னிக்கி ஜனம் ஜாஸ்தி, ஒரு பாக்கெட்டும் நகராது!"

பௌர்ணமிக்கு ஜனம் அலைமோதும்போது ஆளாளுக்குப் போனில் பேசுவார்கள். டவரில் இருக்கிற இடத்தையெல்லாம் பேச்சே எடுத்துக்கொள்ளும், பாக்கெட்டுக்கு இடம் இருக்காது. நான் சொன்னது இதைத்தான். நடுரோட்டில், கோயில் ஊரில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன் பாருங்கள், என்னை என்ன சொல்வது.

டீ நின்றது. எனக்கு வந்ததே கோபம்! காரணம் கேட்டேன், "பால் இல்ல" என்றார் அக்கா, பால் பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டே. சரிதான் போ என்று அடுத்த கடைக்குப் போனேன். அங்கே கொடுத்ததைக் கழுநீர் என்றால் கழுநீருக்குக் கோபம் வரும். ஒரு வாரம் அதைச் சாப்பிட்டுக்கொண்டு, இந்த அம்மாவுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அக்காவே வேலிக்குள் வந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் டீ வடிகட்டி, அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து நின்றார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

"யோவ், எங்கய்யா வச்சிருக்க?"

"எதக்கா?"

"பாக்கெட்ட!"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அக்கா நிறுத்தவும் இல்லை. "எனக்கு எல்லாம் தெரியும். கொஞ்ச நாளாத்தான் தூங்குறாரு, அந்தத் தூக்கத்துலகூட இவரு அதையேதான் சொல்றாரு. வந்துச்சு, வந்துச்சு, வரலன்னு. வந்துச்சுன்னா சிரிக்கிறாரு, வரலன்னா பொரண்டு படுக்கிறாரு. பக்கத்துல படுத்துனு நான் கேட்டுனே இருக்கேன்யா!"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன்.

"சிரிக்காதீங்க சார்," என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. "உங்க காலுல வேணா வுழறேன். இந்த ஊர வுட்டு வேற எங்கன்னா எடுத்துனு போயிடுங்க. இப்பதான் மனுஷனா எழுந்து ஒக்காந்திருக்காரு."

பதறிப்போய்ப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். இன்னொரு கேபிள் விழுந்தது, சார்ஜர் விழுந்தது, கடைசியாகப் பொத்தென்று ஒரு பிஸ்கட் பாக்கெட் விழுந்தது. அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். "இதாங்க்கா பாக்கெட். போன் வழியா போவுது, வருது. வேற ஒண்ணும் இல்ல, சாமி சத்தியமா."

"எங்க, காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா அது."

"தெரியாததத்தான்யா இத்தினி வருஷமா நானும் தேடினு இருக்கேன். கோணிப்பைக்கு அடியில, ஓலைக்குப் பின்னால."

அண்ணன் குறுக்கே வந்தார். வலது உள்ளங்கையை அக்காவின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். "கற்பூரம் அணைச்ச கை இது. இத நம்பல நீ." அவ்வளவுதான். ரூம் சாவியைப் படியில் வைத்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனார். செருப்புகூடப் போடவில்லை. கொல்லை வழியாக டவுன் பக்கம் நடந்தவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பதான் சார் போவாரு," என்றார். "இத்தினி நாளா போவல. இன்னிக்கி நானே அனுப்பி வச்சிட்டேன்."

மூடியைக்கூடச் சாத்தாமல் லேப்டாப்பை அப்படியே பையில் திணித்துக்கொண்டு பைக்கை எடுத்தேன். போன் சட்டைப்பையில் இருந்தது, கேபிள் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எதையும் நிறுத்தத் தோன்றவில்லை.

முதலில் டவுன் எல்லையில் இருந்த ஒயின் ஷாப். வாசலில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. இல்லையே என்று நிம்மதி, அப்படியானால் எங்கே என்று பயம். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கோயில் மதிலை ஒட்டி மெதுவாகப் போனேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம், காபிக் கடைகளில், மரத்தடிகளில், பிச்சைக்கு உட்கார்ந்திருந்த சாமியார்கள் நடுவில்கூடப் பார்த்தேன். வெயில் மஞ்சளாகி மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே திரும்பியதும் ஊர்ச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மயில்கள் அகவின. பாதையில் யாரும் இல்லாமல் நானும் மலையும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். அவரிடம் போன் கிடையாது. கூப்பிட ஒரு நம்பர் இல்லாத மனுஷனை எங்கே என்று தேடுவது? பைக் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் எதற்காக வந்தேன் என்பதையே மறந்து மலையைப் பார்த்துக்கொண்டு போனேன் என்று நினைக்கிறேன். பிறகு சுரீரென்று ஞாபகம் வந்து மறுபடி ஓரங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

அடி அண்ணாமலைக்குத் திரும்பி வந்தபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணன் வந்திருக்கவில்லை. நான் இல்லை என்று தலையை ஆட்டியதும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைக்கும்போது திரை வெளிச்சம் தெரிந்தது. எடுத்துப் பார்த்தேன். மத்தியானம் கிடைத்த அதே எண். நாலு எண்ணும் மாறாமல், மலையை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது. மாதக்கணக்காக நான் ஏங்கிய சுற்று. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வரிகள் மட்டும் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தன.

"இதையா பாத்துனு இருந்தாரு?" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா. இந்த வரி விழுந்தா வந்துச்சு. இதுன்னா வரல. இத பாத்துனு இருந்தா கை நடுங்காது அவருக்கு."

அக்கா லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. வரியின் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் போல. கொஞ்ச நேரத்தில் அவர் வாயும் அசையத் தொடங்கியது. "வந்துச்சு... வந்துச்சு... வரல..." ரோட்டில் பஸ் ஒன்று போனது. நாய் ஒன்று வந்து அடுப்புச் சாம்பலில் சுருண்டது. நான் தலையைத் தூணில் சாய்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அண்ணன் ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்தார். முழங்கால் வரை செம்மண், காலில் முள் கீறிய கோடுகள். மலையடிவாரத்துக் காட்டுப் பாதையிலேயே சுற்றி வந்திருக்கிறார். கடைக்கு எட்டி நின்றுகொண்டார், விளக்கு வெளிச்சத்துக்குள் வரவில்லை.

"கடை வரைக்கும் போனேன்," என்றார் அக்காவிடம். "எதிர்லயே ரொம்ப நேரம் நின்னுனு இருந்தேன். அப்புறம் மலய சுத்தினு வந்துட்டேன்." பிறகு, "ஊதிக் காட்டட்டுமா?" என்றார்.

"வேணாம்," என்றார் அக்கா.

லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய் அடுப்பைத் தூண்டினார். டீ போட்டார். உயர உயரத் தூக்கி ஆற்றினார். எனக்கு ஒரு கிளாஸ் வந்தது, சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாகவே. இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினார். அண்ணன் கையில் வாங்கினாரே தவிர, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் டீயோ மோரோ பச்சைத் தண்ணியோ, எதைக் கொடுத்தாலும் "சாப்புடு" என்றுதான் அக்கா சொல்வாராம். அந்த இன்னொரு வார்த்தை கல்யாணமான புதிதிலேயே, பாக்கெட் வீட்டுக்குள் வந்தபோதே, அவர் வாயிலிருந்து போய்விட்டது என்று அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"டீ ஆறுது," என்றார் அக்கா. "குடி."

அண்ணன் குடித்தார்.